எங்கே போறீங்கன்னு கேட்கக் கூடாது

ஆனி 18, புதன்

இந்த நோட்டு என்னுதில்லை. எங்கூட்டுக்காரருக்கு வாங்கினது. போன கார்த்திகையில் அவருக்கு வலது கையும் காலும் விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தப்போ, தினமும் இடது கையால் நாலு வரி எழுதச் சொல்லுங்கன்னு பிசியோ பொண்ணு சொல்லிச்சு. மகள் மேகலா கரூரிலிருந்து வாங்கிட்டு வந்தாள். அவர் பேரு செங்கோடன். முதல் பக்கத்தில் 'செங்கோ' வரைக்கும் எழுதிப்போட்டு மூடி வெச்சவர்தான். கெட்டி அட்டை, வழவழன்னு தாள். வீணாப் போகுதேன்னு நான் எடுத்துக்கிட்டேன். என் படிப்பு அஞ்சாவதோட நின்னுபோச்சு. தப்பு இருந்தா நோட்டுக்காரர் திருத்திக்கட்டும்.

எழுத விஷயம் இருக்கு. வீடு மாறப் போறோம்.

இப்போ இருக்கிறது மாடி வீடு. கீழே அவரோட அண்ணன், என் மச்சாண்டார் பங்கு, டயர் குடோனுக்கு விட்டிருக்கார். மேலே எங்க பங்கு. படி ஒரு ஆள் ஏறினா இன்னொரு ஆள் சுவத்தோட சுவராகணும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கு மாமாவை, அவரை நான் அப்படித்தான் கூப்பிடறது, பிளாஸ்டிக் சேரில் வெச்சு நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. நாலு பேர் தூக்கிட்டு வர்றதைப் பாத்ததும் எதிர்த்த வீட்டு ராமாயி, "ஐயோ, போயிட்டாரா"ன்னு மார்ல அடிச்சுக்கிட்டு ஓடியாந்தா. மாமா சேரில் உக்காந்தபடி அவளைப் பாத்தார் பாரு! எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை.

அவர் சிரிக்கலை. அன்னைக்கு மேலே வந்தவர் இன்னும் கீழே எறங்கலை. முப்பது வருசம் லாரி ஓட்டி ரோட்டையே பாத்த ஆளு, இப்போ ஜன்னலில் எதிர்த்த வீட்டுத் தண்ணித் தொட்டியைப் பாத்துக்கிட்டு இருக்கார். "தொட்டி எங்காச்சும் கெளம்பிருச்சுங்களா மாமா?"ன்னு கேப்பேன். திரும்பிக்கூடப் பாக்க மாட்டார்.

அதுக்குத்தான் கீழ் வீடாப் பாத்து வாங்கினேன். மோகனூர் ரோட்டை ஒட்டி. கேட்டுக்குப் பக்கத்தில் சேர் போட்டா போற வர்ற வண்டியெல்லாம் தெரியும். மாமாகிட்ட சொன்னேன். "சரி"ன்னார். அவ்வளவுதான் இப்பல்லாம் அவர் பேச்சு.

ஆனி 21, சனி

கிரயம் எல்லாம் ஆனி மொதல்லயே முடிஞ்சது. எங்க வீட்டை வாங்கினது மாதேசு, முட்டை மொத்த யாவாரி. சம்சாரம் குணசுந்தரி. நாங்க வாங்கின வீடு நல்லசிவம்னு கூட்டுறவு சொசைட்டியில் இருந்து ரிட்டையர் ஆனவரோடது. சம்சாரம் சரோஜினி. ரெண்டுக்கும் புரோக்கர் ஒருத்தர்தான், கந்தப்பன். வெள்ளைச் சட்டை, நெத்தியில் விபூதி, ரெண்டு போன்.

"ஆனிக்குள்ள அவிய காலி பண்ணிருவாங்க, நீங்க போயிறலாம், மாதேசு உங்கூட்டுக்கு வந்துருவாரு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுரும்"ன்னார் கந்தப்பன். நானும் கண்ணை மூடி மூடித் தொறக்கறேன்.

இன்னைக்கு நேரிலேயே போய்ட்டேன். நல்லசிவம் அண்ணன் வேப்பங்குச்சியால் காதைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தார். சாமான் ஒண்ணு நகரலை. சுவத்தில் மாட்டின கடிகாரம்கூட அப்படியே.

"ஏனுங்ணா, எப்போ கெளம்பறீங்க?"

"கெளம்பறதுதானுங்க. அங்க இருக்கறவங்க காலி பண்ணோணுமல்ல."

எங்கன்னு கேக்க வாய் நமநமங்குது. கேக்கலை. கேக்க மாட்டேன். லாரிக்காரன் வீட்டில் முப்பது வருசம் குடும்பம் பண்ணினவ நான். கெளம்பற ஆளை 'எங்கே போற'ன்னு கேட்டா போற காரியம் ஆகாது. கல்யாணம் ஆன புதுசில், "எங்கீங்க லோடு?"ன்னு தெரியாம ஒருக்கா கேட்டுப்போட்டேன். மாமா வண்டியை நிறுத்தி, எறங்கி வந்து, தண்ணி குடிச்சு, கொஞ்சநேரம் உக்காந்து திருப்பிக் கெளம்பினார். அப்படியும் தொப்பூர் கணவாயில் டயர் வெடிச்சுது. அந்த டயர் என்னோட உள்ளங்கை மாதிரி வழவழன்னு கெடந்ததை யாரும் பேசலை. பழி என் வாய்க்குத்தான்.

அதனால வாயைக் கட்டிக்கிட்டுத் திரும்பி வந்தேன். ஆனா யாரு அந்தக் காலி பண்ணாத புண்ணியவான்? தெரிஞ்சுக்காம தூக்கம் வராது.

ஆனி 25, புதன்

பாத்திரம் எல்லாம் சாக்கில் போட்டாச்சு. அப்புறம் சோறாக்கச் சட்டி இல்லாம ஒரு சாக்கைப் பிரிச்சேன்.

குணசுந்தரி முட்டை அட்டை ஒரு கட்டுக் கொண்டாந்து குடுத்தா. டம்ளர், கண்ணாடிச் சாமான் வெச்சுக் கட்டினா உடையாதாம். "சீக்கிரம் கட்டுங்க அக்கா, எங்கூட்டை வாங்கினவங்க தலைமேல நிக்கறாங்க"ன்னா. நல்ல புள்ளைதான். முட்டை யாவாரி வீட்டுல பொறுமை எப்படி இருக்கும், பொறிச்சுருமே.

ஆனி 27, வெள்ளி

ஆடி பொறந்தா குடி போகக் கூடாது. ஆனியில் கடைசி நல்ல நாள் இன்னைக்குத்தான்னு கந்தப்பன் பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொன்னார். அவங்க காலி பண்ணலையேன்னேன். "அதனாலென்னங்க? ஊடு உங்க பேருக்கு ஆயிருச்சு. பாலை மட்டும் காய்ச்சிப்போடுங்க. குடி போன கணக்குத்தான். சாமான் பொறகு போகட்டும்"னார்.

ஆக, இன்னைக்கு விடியக் காலம் உப்பு, மஞ்சள், நிறைகுடம், காமாட்சி விளக்கோட போய் அடுத்தவங்க குடியிருக்கிற வீட்டில் பால் காய்ச்சினேன். நடு வீட்டில் நான் அடுப்பை மூட்டறேன், நல்லசிவம் அண்ணன் பனியனோட சோபாவில் உக்காந்து நியூஸ் பாக்கறார். பால் பொங்கறப்போ மட்டும் சவுண்டைக் குறைச்சார். கிழக்கே பொங்கிச்சு. அவருக்கே எங்களைவிடச் சந்தோசம். மொத டம்ளரும் அவருக்குத்தான் குடுத்தேன். "சக்கரை வேண்டாங்க, எனக்கு இருக்குது"ன்னார்.

"அக்கா எங்கீங்க?"

"ஊர்லிருந்து வந்த ஒறம்பரை நாலு பேரோட கோயிலுக்குப் போயிருக்கறா."

விடியக் காலத்தில் ஒறம்பரையைக் கூட்டிக்கிட்டு, வீட்டுப் பால்சட்டியையும் எடுத்துக்கிட்டு என்ன கோயிலோ. பால்சட்டி இல்லைங்கறதை நான் அடுப்பாங்கரையில் பாத்தேன். கேக்கலை.

மேகலா மாமாவுக்குத் துணையா வீட்டில் இருந்தா. நான் திரும்பி வந்தா, எங்க வீட்டு நடுக்கூடத்தில் குணசுந்தரியும் மாதேசும் ஒம்பது மணி முகூர்த்தத்துக்குப் பால் காய்ச்சறாங்க! மாமா கட்டில்லேர்ந்து பாத்துக்கிட்டு இருக்கார். அவருக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்க. வேண்டாம்னு தலையாட்டிப்போட்டார்.

"குடிங்க மாமா, நம்ம பாலு அங்க அவரு குடிச்சுட்டாரு. கணக்கு நேராயிரும்"னேன். மாதேசு சிரிச்சான். மாமா சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

ஆனி 29, ஞாயிறு

கந்தப்பன் இன்னொண்ணு சொன்னார். பால் காய்ச்சின வீட்டில் பொழுதோட விளக்கு வெக்காம விடக் கூடாதாம். வீடு கோவிச்சுக்குமாம். தினமும் ஆறு மணிக்கு எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கிட்டு நான் அங்க போறேன். அதே ஆறு மணிக்கு எண்ணெய்க் கேனோட குணசுந்தரி எங்க வீட்டுக்கு வர்றா. நான் போக, அவ வர, படியில் இடிச்சுக்கிறோம்.

நல்லசிவம் வீட்டில் எப்ப போனாலும் சரோஜினி அக்கா இல்லை. ஆறு மணிக்கு அப்படி என்ன சோலி?

திரும்பி வந்தப்போ குணசுந்தரி மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உக்காந்து ஊர்க்கதை பேசிக்கிட்டு இருந்தா. மாமா கேட்டுக்கிட்டு இருந்தார். எட்டு மாசமா நான் பேசறப்போ இப்படிக் காதைக் குடுத்ததில்லை. முட்டை யாவாரத்தில் அப்படி என்ன ருசி கண்டாரோ.

ஆனி 32, புதன்

ஆனி முடிஞ்சுது. ஒருத்தரும் அசையலை.

ஆடி 3, சனி

இன்னைக்கு விளக்கேத்தப் போனப்போ நல்லசிவம் அண்ணன் வீட்டு மூலையில் முட்டை அட்டையில் டம்ளர் அடுக்கிக் கட்டியிருந்தது. கட்ட ஆரம்பிச்சுட்டாங்களே! அட்டை எங்கிருந்துன்னு ஒரு நிமிசம் யோசனை. அப்புறம் நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்னு விட்டுட்டேன்.

"எப்போங்ணா?"

"அவிய காலி பண்ணின மறுநாளே. நான் என்னங்க பண்றது, அந்த ஆளு அவன் வாங்கின ஊட்டுல இருக்கறவங்க நகரலைங்கறான்."

"யாருங்ணா அது, இவ்வளவு கல்நெஞ்சம்?"

"யாரோ ஒரு லாரி..."ன்னு ஆரம்பிச்சார். அதுக்குள்ள டிவியில் மழைச் செய்தி வந்துருச்சு. ஊர் பூரா லாரிக்காரங்க. இவங்களுக்கு இடைஞ்சல் குடுக்கிற லாரிக்காரன் எவனோ, நாசமாப் போக.

ஆடி 6, செவ்வாய்

மாமா ராத்திரிச் சோறு வேண்டாம்னார். காலையிலும் அரை இட்லிதான்.

பிசியோ பொண்ணு, கீழே கூட்டியாந்தா நடக்கற கம்பி புடிச்சுப் பழக்கலாம், மாடியில எடம் பத்தாதுங்கறா. "புது வீட்டுக்குப் போயிருவோம் கண்ணு"ன்னேன். "போன மாசமும் இதையே சொன்னீங்க அக்கா"ன்னா.

வேற விஷயம் ஒண்ணுமில்லை. தொட்டி எங்கயும் கெளம்பலை.

ஆடி 9, வெள்ளி

இன்னைக்கு நடந்ததை எழுத இந்தப் பேனாவில் மை பத்துமோ என்னமோ.

ஆடி வெள்ளியாச்சேன்னு அரை மணி முன்னாடியே கெளம்பிட்டேன். நல்லசிவம் வீட்டுக் கேட்டுக்குப் போறேன், சரோஜினி அக்கா வெளியே வர்றாங்க. தலையில் பூ, கையில் கூடை. கூடைக்குள்ள எண்ணெய்க் கேனு, திரி, தீப்பெட்டி. என்ற கூடையும் அதேதான்.

ரெண்டு பேரும் கூடையைப் பாத்துக்கிட்டோம்.

"வாங்க பாவாயி. அவர் உள்ள இருக்காருங்க"ன்னு சொல்லிப்போட்டுப் படபடன்னு நடந்தாங்க. எங்கேன்னு கேக்கக் கூடாது. சரி. ஆனா பின்னால போகக் கூடாதுன்னு எந்தச் சாஸ்திரத்திலயும் இல்லை.

போனேன். பால் பூத் தாண்டி, பள்ளிக்கூடத்துச் சந்து, மாரியாத்தா கோயில். கூழ் ஊத்தறாங்க. வாங்கிக் குடிச்சுக்கிட்டே கூட்டத்தில் மறைஞ்சு நின்னு பாத்தேன். கோயிலுக்குள்ள போகலை. கோயிலைத் தாண்டி மூணாவது வீட்டுக்குள்ள போனாங்க. வாசல் பூரா முட்டை அட்டை என் உயரத்துக்கு. அட்டைக்கு நடுவில் சேர் போட்டு மாதேசு உக்காந்திருக்கான்!

எங்க வீட்டை வாங்கின மாதேசு!

கூழ்ச் சொம்போட நேரே உள்ள போய்ட்டேன். மாதேசு எந்திரிச்சு, "வாங்க அக்கா, காலி பண்ணிட்டீங்களா?"ன்னான். உள்ளே சாமி அலமாரிக்கு முன்னால சரோஜினி அக்கா தீக்குச்சியைக் கிழிச்சுப் புடிச்சபடி நிக்கறாங்க.

அப்பத்தான் முப்பது வருசம் கட்டி வெச்ச வாயை அவுத்தேன். "அக்கா, நீங்க எங்க போறீங்க?"

"இங்கதான்."

"மாதேசு, நீ எங்கப்பா போற?"

"உங்கூட்டுக்குத்தான்."

"நான் எங்க போறேன் தெரியுமா? இந்த அக்கா வீட்டுக்கு!"

தீக்குச்சி அக்கா விரலைச் சுட்டுருச்சு. சரோஜினி அக்கா காலி பண்ண மாதேசு நகரோணும். மாதேசு நகர நான் காலி பண்ணோணும். நான் காலி பண்ண சரோஜினி அக்கா நகரோணும். மூணு பேரும் ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாத்துக்கிட்டு வரிசையில் நிக்கறோம், வரிசை வட்டமா இருக்குது!

நல்லசிவம் அண்ணன் சொன்ன இடைஞ்சல் லாரிக்காரன் எங்கூட்டுக்காரர். நாசமாப் போகன்னு எழுதினதை அடிச்சுப்போடறேன்.

"கந்தப்பன் சொல்லவே இல்லையே"ன்னாங்க சரோஜினி அக்கா.

"அந்தாளு சொல்லுவாரா? மூணு பக்கமும் கமிசனு. சேந்து பேசினா நாம நேரா முடிச்சுக்குவோம்னு பயம்"ன்னான் மாதேசு. "சரி, நாமளாச்சும் கேட்டிருக்கலாமல்ல?"

யாரு கேப்பா? மூணு வீட்டிலயும் கெளம்பற ஆளுங்க. கெளம்பற ஆளை யாரும் கேக்கலை. நம்ம ஊர்க்காரங்க மரியாதை நம்மளை ஆடிவரைக்கும் நிறுத்தி வெச்சுருச்சு.

சிரிச்சுக்கிட்டே படியேறினேன். மாமாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். அவர் தொட்டியைப் பாத்தபடி, "தெரியும்"ன்னார்.

"என்னங்க தெரியும்?"

"குணசுந்தரி சொல்லுச்சு. ஒரு அம்மா வந்து வெளக்கு வெக்குதாம். மோகனூர் ரோட்டு ஊடாம். அவரு சொசைட்டியாம்."

எட்டு மாசத்தில் இவ்வளவு நீளம் அவர் பேசினதில்லை. எனக்குச் சந்தோசப்படறதா, கோவப்படறதான்னு தெரியலை.

"தெரிஞ்சுக்கிட்டு ஏனுங்க சொல்லலை?"

"நீ கேக்கல."

சோறு போட்டேன். பேசலை. என்னால பேசாம இருக்க முடிஞ்சதை ஊரில் யாரும் நம்ப மாட்டாங்க.

ஆடி 11, ஞாயிறு

மூணு குடும்பமும் எங்க வீட்டில் கூடிச்சு. மாமா எறங்க மாட்டார்ங்கறதால எல்லாரும் ஏறி வந்தாங்க. கந்தப்பனையும் வரச் சொன்னோம். ரெண்டு போனும் ஸ்விட்ச் ஆப்.

யாரு மொதல்ல காலி பண்றது? அங்கதான் சிக்கல். சாவியைக் குடுத்துப்போட்டுச் சாமானோட நடுத்தெருவில் நின்னு, மத்தவங்க நகராட்டி?

"நீங்க மொதல்ல பண்ணுங்க, ஒடனே நான் பண்ணிர்றேன்"னான் மாதேசு. "முட்டைக் கடையை ஒரு நாளுக்கு மேல தெருவில் வெக்க முடியாதுங்க அக்கா."

"எனக்குச் சக்கரை. நடுத்தெருவில நிக்க முடியாது"ன்னார் நல்லசிவம் அண்ணன்.

"அப்போ நாங்கதான்"னேன். "எங்க சாமானைத் தெருவில் எறக்க வேண்டாம். லாரியில் ஏத்தி, லாரியிலயே நிக்கட்டும். மாதேசு இங்க வரட்டும். நீங்க மாதேசு வீட்டுக்குப் போங்க. உங்கூடு காலியானதும் லாரியை அங்க கொண்டாந்து எறக்கிக்கறோம். ஆடிப் பெருக்கு அன்னைக்கு வெச்சுக்கலாம். பெருக்குக்கு எதுவும் செய்யலாம். பாலும்தான் காய்ச்சியாச்சே."

எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. அப்போ கட்டில் பக்கமிருந்து சத்தம்.

"யாரு வண்டி?"

எல்லாரும் திரும்பினோம்.

"கொளந்தவேலு வண்டிங்க மாமா." கொளந்தவேலு மாமாகிட்ட கிளீனரா இருந்தவன், இப்போ சொந்த வண்டி.

மாமா வாயைச் சுழிச்சார். "அவனுக்கு ரிவர்ஸு வராது. இது முட்டுச் சந்து."

எட்டு மாசத்தில் அவரா கேட்ட மொதல் கேள்வி, அடுத்தவனைக் குறை சொல்லத்தான்! எனக்கு அவ்வளவு சந்தோசம்.

ஆடி 14, புதன்

அம்மியைத் தவிர எல்லாம் கட்டியாச்சு. நான் துடைப்பத்தைச் சாக்குக்குள்ள கட்டிப்போட்டு, கூட்ட மாதேசு வீட்டில் கடன் வாங்கறேன்.

மாதேசு நாலு பசங்களைக் கூட்டியாறேன், மாமாவைச் சேரோட எறக்கிரலாம்னான். மாமா காதில் விழுந்துருச்சு.

"நான் வர்ல."

"என்னங்க வரலை? வீட்டோட சேத்தா உங்களை வித்தேன்? மாதேசு அந்த வெலை குடுக்கலையே."

சிரிக்கலை. ராமாயி வீட்டு வாசலைப் பாத்தார். அப்புறம், "நாலு பேரு தூக்கறது ஒருக்காத்தான்"னார்.

நான் அடுப்பைப் பாக்கப் போய்ட்டேன். கட்டின சாக்கையெல்லாம் திரும்ப ஒருக்கா அவுத்து, திரும்பக் கட்டினேன். சரியாக் கட்டாம இருந்துச்சு.

ஆடி 18, ஞாயிறு. பெருக்கு

காலையில் காவிரிக்குப் போற கூட்டம் தெருவில் வேன் வேனாப் போகுது. நாங்க பானை சட்டியோட கெளம்பறோம்.

கொளந்தவேலு வண்டி சந்து மொனைக்கு வந்துச்சு. மாதேசு ஏற்பாடு பண்ணின நாலு பசங்க சேரைக் கொண்டாந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாங்க. மாமா கட்டில் சட்டத்தை இடது கையால் புடிச்சுக்கிட்டார். விடலை. பசங்க என்னைப் பாத்தாங்க. மேகலா அழற மாதிரி நிக்கறா. கீழே மாதேசோட சின்ன யானை மினி லாரி சாமானோட வந்து நிக்குது. பின்னால நல்லசிவம் அண்ணன் போனில், "அவிய எறங்கிட்டாங்களா?"ங்கறார். மூணு வீடும் ஒரு கையில் தொங்குது. எங்கூட்டுக்காரர் இடது கையில்.

"தம்பிகளா, மொதல்ல பீரோவை எறக்குங்க"ன்னு பசங்களைக் கீழே அனுப்பிப்போட்டேன்.

அப்போ கொளந்தவேலு ரிவர்ஸ் எடுக்க ஆரம்பிச்சான். கியர் கறகறன்னு கத்துது. வண்டி முன்னால போறதும் பின்னால வர்றதுமா. ஜன்னலில் எட்டிப் பாத்தேன்.

"அடேயப்பா, கரண்டு கம்பத்துக்கு நேரா வர்றானே."

மாமா தலை லேசா நிமிர்ந்துச்சு.

"இன்னும் ஒரு முழம் இருக்கு. அரை முழம். நல்லாத்தான் ஓட்டறான். கம்பத்தை ஓரமாத் தள்ளிப்போட்டு வந்துருவான் போல."

"அவனை நிக்கச் சொல்லு"ன்னார்.

"நான் சொன்னா கேப்பானா? எனக்குத்தான் லெப்ட்டு ரைட்டு தெரியாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க. பழனியில் நான் வா வான்னு சொல்லி மடத்துச் சுவத்தை இடிச்சதை மறந்துட்டீங்களா?"

கட்டில் சட்டத்திலிருந்து கை எடுத்தார். நான் புடிச்சேன். கதவு வரைக்கும் வந்தோம். படி மேலே நின்னு கீழே பாத்தார். யாரும் இல்லை, பசங்க பீரோவோட தெருவில் நிக்கறாங்க. அப்படியே மொதல் படியில் உக்காந்தார். நல்ல காலைக் கீழ்ப் படியில் ஊன்றினார். இடது கையால் தள்ளி ஒரு படி எறங்கினார். உக்காந்தபடியே.

நான் ரெண்டு படி கீழே நின்னுக்கிட்டேன், விழுந்தா என்ற மேல விழட்டும்னு. ரிவர்ஸுக்குக் கிளீனர் பசங்க சொல்றதுதான் வாயில் வந்துச்சு. "வரலாம்... வரலாம்... வா வா வா..."

மாமா மொறைச்சார்.

"நேர் பண்ணுங்க... வா வா... லெப்ட்ல சுவரு... ஒடிங்க..."

"அது ரைட்டுடி"ன்னார். அடுத்த படி எறங்கினார்.

நடுப்படியில் ஒருக்கா நின்னார். மூச்சு வாங்குது. வேட்டி பூரா சுண்ணாம்பு. ராமாயி எதிர் வாசலில் வந்து நின்னா. நான் இங்கிருந்தே கண்ணைக் காட்டினேன், வாயைத் தொறந்தே கொன்னுருவேன்னு. புரிஞ்சுக்கிட்டா. திரும்பி வாசக் கூட்டற மாதிரி நின்னுக்கிட்டா. கையில் வெளக்குமாறு இல்லை.

கடைசிப் படி. காலு தரையில் பட்டுச்சு. அதே நேரத்தில் வண்டி கம்பத்தை நெருங்குது. மாமா அந்தப் படியில் உக்காந்தபடி, தொண்டை கிழிய ஒரு சத்தம் போட்டார்.

"ஹோல்டான்!"

வண்டி நின்னுருச்சு. தெரு நின்னுருச்சு. கொளந்தவேலு கண்ணாடியில் பாக்கலை, கதவைத் தொறந்து தலையை வெளியே நீட்டினான். "அண்ணே!"ன்னான். எறங்கப் போனான்.

"எறங்காதடா. மூஞ்சியைப் பாத்தா ஓட்டுவ? கண்ணாடியப் பாரு. ஸ்டியரிங்கை ரைட்ல ஒடி. முழுசா ஒடி. வா... வா... வா... நேர் பண்ணு... வரலாம்... போதும்!"

வாய் ஒரு பக்கம் கோணித்தான் வந்துச்சு வார்த்தை. கொளந்தவேலுக்கு எல்லாம் புரிஞ்சுது. வண்டி அளந்து வெச்ச மாதிரி வந்து நின்னுச்சு.

எனக்குக் கண்ணில் சுண்ணாம்பு விழுந்துருச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியலை.

அப்புறம் எல்லாம் வேகம். எங்க சாமான் லாரியில் ஏறுச்சு. மாதேசு சாமான் மேலே ஏறுச்சு. நல்லசிவம் அண்ணன் கடிகாரத்தை மடியில் வெச்சுக்கிட்டு ஆட்டோவில் மாரியாத்தா கோயில் பக்கம் போனார். மாமா படியில் உக்காந்தபடியே, "பீரோ அடியில. சாக்கு மேல. அம்மி முன்னால"ன்னு சொல்லிச் சொல்லி ஏத்த வெச்சார்.

லாரி கெளம்பறப்போ, ஆட்டோ கூப்பிடட்டுமான்னு கேட்டேன். கேபினைக் காட்டினார். நாலு பசங்களும் வந்து தூக்கினாங்க. மாமா ஒரு வார்த்தை சொல்லலை. வண்டியில் ஏத்தறதுக்குத் தூக்கறது வேற கணக்குப் போல.

ஆடி 19, திங்கள்

புது வீடு. மிளகாத்தூள் எந்தச் சாக்கில் இருக்குன்னு தெரியாம மதியத்துக்குத் தயிர்ச் சோறு.

மாமா கேட்டுப் பக்கத்துச் சேரில். காலையிலிருந்து அங்கேதான். "அது சங்ககிரி வண்டி", "அவன் ஓவர்லோடு", "டயர் மாத்தணும் அவன்"னு போற வர்ற வண்டிக்கெல்லாம் ஒரு சொல்லு. பிசியோ பொண்ணு நாளைக்கு வர்றேன்னுது. கந்தப்பன் போன் பண்ணினார், கமிசன் பாக்கி இருக்குதாம். எங்கே இருக்கீங்கன்னு கேட்டேன். கெளம்பற ஆளைக் கேக்கக் கூடாதுங்கன்னு வெச்சுட்டார்.

நோட்டு மொதல் பக்கம் இன்னும் 'செங்கோ'தான். அவசரமில்லை.

ஆறு மணி ஆச்சு. பழக்க தோசம், எண்ணெய்க் கேனு, திரி, தீப்பெட்டியைக் கூடையில் போட்டுக்கிட்டுச் செருப்பை மாட்டி, கேட்டைத் தொறந்துட்டேன். ஒரு கால் வெளியில்.

"எங்க போற?"

திரும்பிப் பாத்தேன். மாமாதான். முப்பது வருசமா கெளம்பற ஆளைக் கேட்டா மொறைக்கற மனுசன்.

"கெளம்பும்போது கேக்கலாமுங்களா?"ன்னேன்.

"சொல்லேன்"ன்னார்.

கூடையைப் பாத்தேன். வீட்டைப் பாத்தேன். செருப்பைக் கழட்டினேன்.

"எங்கயும் இல்லீங்க. இங்கதான்."